ஆண்களுக்குத் தோன்றும் பிறப்புறுப்பு மருக்கள்

பெங்களூரிலுள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்தில் 1982-ஆம் ஆண்டு முதல் அந்நகர மக்களின் புற்றுநோய்கள் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயும், அதனினும் மிக அரிதான ஆண்குறிப் புற்றுநோயும் அப்பதிவேட்டில் இடம் பெறுகின்றன. முன்னதில் ஏறத்தாழ அனைத்திற்கும், பின்னதில் ஒரு பகுதிக்கும் மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமியே காரணம். இக்கிருமிக் குடும்பத்தின் வேறு வகைகள் ஆண்களின் பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்குகின்றன. புற்றுநோய் எண்ணப்படுகின்றது, மருவோ பெரும்பாலும் மறைக்கப்படுகின்றது.

இவ்வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள. அவற்றுள் 6, 11 என்னும் எண்ணிட்ட வகைகளே பிறப்புறுப்பு மருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் காரணமாகும். இவை புற்றுநோயை உண்டாக்குவது மிக அரிது. 16, 18 ஆகிய வகைகளே புற்றுநோய்க்கு முக்கிய காரணமானவை. அவை மருவை எழுப்புவதில்லை. கிருமி தோலின் நுண்ணிய சிராய்ப்பு வழியே புகுந்து, அடித்தட்டு உயிரணுக்களில் தங்கிவிடுகின்றது. இரத்தத்தில் கலந்து பரவுவதில்லையாதலின் காய்ச்சலோ வலியோ தோன்றாது. இதனைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் இல்லை.

உடற்சூட்டினாலோ அழுக்கினாலோ மரு உண்டாவதாகப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. மருவை அரைத்து, உயிரணுக்கள் புகாதவாறு வடிகட்டிய நீராலும் மரு தோன்றுவதை இத்தாலியரான சியூஃபோ 1907-இல் காட்டினார். கொரியாவிலிருந்து மருவுடன் திரும்பிய அமெரிக்கப் போர்வீரரின் மனைவியருக்குச் சில வாரங்களில் அதே மரு தோன்றியதை 1954-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. இது உடலுறவால் பரவுவது என்பது அதனால் வலுப்பெற்றது.

மரு பூக்கோசுபோல் கொத்தாகவோ, தட்டையான சிறு முடிச்சாகவோ இருக்கலாம். ஆண்குறி முனையின் விளிம்பில் வரிசையாக அமைந்த முத்துப் போன்ற சிறு புடைப்புகள் பல இளைஞரிடம் காணப்படும், அவை நோயேயல்ல. அவற்றைக் கண்டு அஞ்சி உறக்கமிழந்தவர் பலர். இதற்கு மாறாக, ஈரமான, அகன்ற, தட்டைப் புடைப்புகள் சிபிலிஸ் என்னும் மேகநோயின் அடையாளமாகலாம். ஆதலின் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தப் பரிசோதனை செய்வது இன்றியமையாதது.

நாணத்தால் வைத்தியரிடம் செல்லாது சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்துத் தடவுவோரும், சேங்கொட்டைப் பாலை வைப்போரும், குதிரை முடியால் இறுக்கிக் கட்டுவோரும் உண்டு. கைவிரல் மருவுக்கே தகாத இம்முறைகள் மென்மையான இவ்விடத்தோலை வெந்து புண்ணாக்கிவிடும். இமயமலையில் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்தும் கிடைக்கும் பொடோஃபில்லின் என்னும் பிசின் 1942 முதல் இந்நோய்க்குப் பயன்பட்டு வந்துள்ளது. ஆயினும் அதுவும் நஞ்சே. வைத்தியர் கையால் இட்டு, சில மணி நேரத்தில் கழுவப்பட வேண்டியது. கருவுற்ற பெண்களுக்கு ஆகாது. திரவ நைட்ரஜனால் உறையச் செய்தலும், மின்சாரத்தால் சுடுதலும் பிற முறைகளாம். எம்முறையாயினும் மரு நீங்குமேயன்றித் தோலில் எஞ்சிய கிருமி முற்றிலும் ஒழியுமென்று கூறவியலாது. முதல் மூன்று மாதங்களில் மீண்டும் தோன்றுதல் சாதாரணம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைச் சார்ந்த சுரக்ஷா மருந்தகங்களில் பாலுறவு நோய்களுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

களப்பணியாளர் மிகுந்த கவனத்துடன் பேச வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கிருமி புகுந்து மரு வெளிப்படச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். சிலரிடம் அதற்கும் மேற்பட்ட காலம் அது உறங்கிக் கிடக்கும். ஆகவே, இன்று தோன்றிய மருவைச் சான்றாகக் கொண்டு கணவனோ மனைவியோ நேற்றுப் பிழை செய்ததாகக் கூறுவதற்கு இடமில்லை. இதை முதலிலேயே விளக்காவிடின் குடும்பம் குலையும், சிகிச்சையும் நின்றுபோகும். மனைவியையும் வைத்தியர் பார்த்தல் நலம். கணவனுக்கு மரு இருப்பினும் இல்லாவிடினும், 30 வயது கடந்த பெண்கள் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். ஆண்களுக்கு அத்தகைய பொதுப் பரிசோதனை எதுவும் இன்றுவரை ஏற்கப்படவில்லை. உறை அணிதல் பரவுதலைக் குறைக்குமாயினும், அது மூடாத தோல்வழியே கிருமி செல்லக்கூடும்.

தடுப்பூசியின் பயன் ஆஸ்திரேலியாவில் தெளிவாயிற்று. அங்கு 2007-இல் பெண்களுக்கு மட்டுமே 6, 11, 16, 18 வகைகளைத் தடுக்கும் ஊசி தொடங்கப்பட்டது. சிகிச்சை நிலையங்களுக்கு முதன்முறை வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் மரு உடையோர் நூற்றுக்கு 11.5 என்பதிலிருந்து 2011-இல் 0.85 ஆகக் குறைந்தனர். ஊசியே போடாத அவ்வயது ஆண்களில், பெண்களோடு மட்டும் உறவுடையோரிடத்து, 12.1 என்பது 2.2 ஆயிற்று. ஆண்களோடு உறவுடைய ஆண்களிடம் அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. பெண்களின் காப்பு அவர்களை எட்டாதன்றோ! 2013-இல் அந்நாடு சிறுவர்களையும் திட்டத்தில் சேர்த்தது.

இந்நான்கு வகைகளையும் தடுக்கும் செர்வாவேக் என்னும் ஊசி புனேயிலுள்ள சீரம் நிறுவனத்தால் செய்யப்பட்டு 2023-இல் வெளிவந்தது. 9 முதல் 26 வயது வரையுள்ள இருபாலார்க்கும் உரியது. இதில் இருப்பது வைரஸின் வெற்றுக்கூடு மட்டுமே; ஆதலின் ஊசியால் நோய் தொற்றாது. முன்னரே தோன்றிய மருவையும் அது நீக்காது. எனவேதான் உடலுறவு தொடங்கும் வயதுக்கு முன்பே, பள்ளிப் பருவத்தில், அதைப் போடுமாறு வைத்தியர்கள் கூறுகின்றனர்.