பீரோவில் கிடக்கும் துணி மாஸ்க்: போடலாமா, தூக்கிப் போடலாமா?

மழைக்காலம் தொடங்கினால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் கிளினிக்குகளில் இருமல் சத்தம்தான். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "கொரோனா நேரத்துல வாங்கின துணி மாஸ்க் அஞ்சாறு பீரோவுல இருக்கு டாக்டர், அதையே மாட்டிக்கலாமா?" கேட்பது நியாயம்தான். 2020-இல் தமிழக அரசே ரேஷன் கடை வழியாக, அட்டையில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு துணி மாஸ்க் கொடுத்தது. அப்போது நல்லதாக இருந்தது இப்போது கெட்டதாகிவிடுமா?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றும் போடாததற்குத் துணி மாஸ்க் மேல். ஆனால் இருமுகிறவர் நீங்கள் என்றால், மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் அதைவிட நிச்சயமாக நல்லது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் என்றால் என்95 வாங்குங்கள்.

வைரஸ் இவ்வளவு சின்னது, துணியின் கண் இவ்வளவு பெரிது, எப்படித் தடுக்கும் என்று சிலர் கேட்பார்கள். வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. பேச்சிலும் மூச்சிலும் இருமலிலும் கிளம்பும் ஈரத்துளிக்குள் இருந்தபடிதான் வருகிறது. வாயை விட்டுக் கிளம்பும் கணத்தில் துளி பெரிதாக இருக்கும், துணி அதைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் மிதக்கத் தொடங்கியதும் ஈரம் வற்றிச் சுருங்கிவிடும். சுருங்கிய துகள் எதிரில் இருப்பவரின் துணிக்குள் சுலபமாக நுழையும். அதனால் துணி மாஸ்க் நோயாளியின் முகத்தில் இருந்தால் ஓரளவு வேலை செய்கிறது. மற்றவர் முகத்தில் மட்டும் இருந்தால் பலன் குறைவு.

இதை ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, ஊருக்குள்ளும் சோதித்திருக்கிறார்கள். வங்கதேசத்தில் சுமார் 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் அதிகமான பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2021 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. சில கிராமங்களுக்குச் சர்ஜிக்கல் மாஸ்க், சிலவற்றுக்குத் துணி மாஸ்க், மீதிக்கு எதுவும் இல்லை. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்து ரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். அங்கே மாஸ்க் போட்டவர்கள் நூற்றுக்கு 42 பேர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். துணி மாஸ்க் கிராமங்களில் இருமல், காய்ச்சல் என்று சொன்னவர்கள் குறைந்தார்கள்; ஆனால் ரத்தப் பரிசோதனையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அதில் சுவாரசியமாகப் பட்டது வேறொரு கணக்கு. அவர்கள் கொடுத்த துணி மாஸ்க் துகள்களில் 37 சதவீதத்தை வடிகட்டியது, புது சர்ஜிக்கல் மாஸ்க் 95 சதவீதத்தை. அதே சர்ஜிக்கல் மாஸ்க்கைச் சோப்புப் போட்டுப் பத்து முறை துவைத்த பிறகும் 76 சதவீதம் வடிகட்டியது! மாஸ்க்கைத் துவைத்துத்தான் போட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. காசுக்காகத் துணியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் மறுபடி யோசிக்கலாம் என்கிறேன்.

துணி எவ்வளவு நல்லது என்பதைவிட, ஓரம் எப்படி உட்காருகிறது என்பது பெரிய விஷயம். ஆவடிக்காரர்களுக்கு இதை விளக்க ஓ.சி.எஃப். போதும். ராணுவச் சீருடை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் 2020-இல் மருத்துவர்களுக்கான முழு உடல் கவச உடையும் தைத்தார்கள். அந்த உடைக்குள் ரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதிக்கும் கருவியைப் பக்கத்திலேயே கனரக வாகனத் தொழிற்சாலையான எச்.வி.எஃப்.-இல் அமைத்தார்கள். துணி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஊசி போன துளை வழியே திரவம் கசியும். அதற்காகவே கவச உடையில் தையல் மேல் பட்டை ஒட்டுவார்கள். மாஸ்க்கில் அந்தத் தையல் துளையின் இடத்தில் இருப்பவை மூக்கின் இரு பக்கமும், கன்னத்து ஓரமும், தாடையடியும். மூச்சு எந்த வழி சுலபமோ அந்த வழியாகத்தான் போகும். கண்ணாடி போடுகிறவர்கள் இதைச் சட்டென்று கண்டுபிடிக்கலாம்: கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்கோரம் திறந்திருக்கிறது.

பீரோவில் இருப்பதை வீணாக்க வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. முதலில் சர்ஜிக்கல் மாஸ்க், அதற்கு மேல் துணி மாஸ்க். மேலிருக்கும் துணி உள்ளே இருப்பதன் ஓரங்களை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 2021 பிப்ரவரியில் வெளியிட்ட சோதனையில், தனித்தனியாகப் போட்டபோது செயற்கையாக இருமும் பொம்மைத் தலையின் துகள்களில் ஏறத்தாழ பாதிதான் நின்றது. இரண்டையும் சேர்த்துப் போட்டபோது எண்பது சதவீதத்துக்கு மேல் நின்றது. என்95-க்கு மேல் மட்டும் எதையும் போடாதீர்கள்.

துணி மாஸ்க்தான் போடுவேன் என்றால், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். பல்பு பளிச்சென்று தெரிந்தால் அது மாஸ்க் இல்லை, கைக்குட்டை. 2020 மார்ச் கடைசியில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் தந்த வழிகாட்டி, வீட்டிலேயே பருத்தித் துணியை இரண்டடுக்காகத் தைக்கச் சொன்னது. அந்த ஜூனில் உலக சுகாதார நிறுவனம் மூன்றடுக்கு கேட்டது: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யப்படாத பாலிப்ரொப்பிலீன், வெளியே தண்ணீர் ஒட்டாத துணி. காதில் மாட்டும் எலாஸ்டிக் நாலு துவையலில் தொங்கிவிடும். தலைக்குப் பின்னால் கட்டும் நாடா பிடித்துக்கொள்ளும். தையற்காரரிடம் அப்படித் தைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்திலேயே துணி நனைந்துவிடும். நனைந்த துணியில் மூச்சு முட்டும், காற்று ஓரத்தைத் தேடும். பையில் மாற்று ஒன்று வைத்திருங்கள், நனைந்ததைத் தனிக் கவரில் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு அலசி மொட்டைமாடி வெயிலில் காயப்போடுங்கள். வெறும் தண்ணீரில் அலசினால் போதாது.

எங்கே போடுவது என்பதில்தான் நம்மவர்கள் தலைகீழாக நடக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் நடக்கும்போது மாட்டிக்கொண்டு, ஏ.சி. போட்ட கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கழற்றிவிடுகிறார்கள். திறந்த தெருவில் மூச்சு கலைந்துவிடும். ஜன்னல் சாத்திய பஸ், நெரிசலான லோக்கல் ரயில் பெட்டி, முக்கியமாக கிளினிக்கில் டோக்கன் எடுத்துக் காத்திருக்கும் அறை, இவையே ஆபத்தான இடங்கள். அங்கே மாட்டுங்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் 2023 ஏப்ரல் 1 முதல் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியதும் இதனால்தான்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மாஸ்க் முதலில் அவருக்கு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஃபேனைப் பிறர் பக்கம் காற்று போகாதபடி திருப்புங்கள். பாட்டி, தாத்தா, சர்க்கரை நோயாளி போன்றவர்கள் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் அவர்களுக்கு என்95. வால்வு வைத்த என்95 வேண்டாம். உங்கள் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே போகும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு எந்த மாஸ்க்கும் போடக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ, மாஸ்க்கைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.