மாசியில் நடுவட்டம்: வணிகர் குடும்பச் சுற்றுலாவுக்கு ஒரு கணக்கு

கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் வெளியூர் போவது நம் மளிகை வணிகருக்கு எளிதான காரியமல்ல. மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறையிலும் சம்பளம் உண்டு. நமக்கோ பூட்டிய நாளில் வரவு நின்றுவிடும். கடை வாடகையும் ஆள் கூலியும் நிற்பதில்லை. இதனாலேயே பல ஆண்டுகள் எங்கும் போகாமல் இருந்துவிட்டு, வீட்டார் வற்புறுத்தலின் பேரில் ஒருமுறை கிளம்புகிறோம். அப்படிக் கிளம்பும் நாள் பெரும்பாலும் மே மாதத்தில் அமைகிறது. ஊர் பெரும்பாலும் ஊட்டியாக இருக்கிறது.

புதுப்புளி வரும் மாசி, பங்குனியில் வருடத்துக்கான புளியை வாங்கி அடுக்குகிறோம். ஐப்பசியில் போய் அதே புளியை மூட்டைக் கணக்கில் வாங்கும் வியாபாரியை நாம் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை. சுற்றுலா விஷயத்தில் மட்டும் நாமே அந்த வியாபாரி ஆகிவிடுகிறோம். நீலகிரியை, குறிப்பாக ஊட்டி - கூடலூர் சாலையில் உள்ள நடுவட்டத்தை வைத்து இந்தக் கணக்கைப் பார்ப்போம்.

2023ஆம் ஆண்டு மே 5 வணிகர் தினம் வெள்ளிக்கிழமையில் வந்தது. கடைகள் எப்படியும் அடைப்பு; சனி, ஞாயிறையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் கடைவீதியில் ஐந்து குடும்பங்கள் ஒரு வேன் பேசிப் புறப்பட்டோம். (மாநாட்டுக்குப் போக வேண்டிய நாளில் மலைக்குப் போனதற்குச் சங்கத்தில் வாங்கிய பேச்சு தனி.) மேட்டுப்பாளையம் தாண்டியதுமே வண்டிகள் ஊர ஆரம்பித்துவிட்டன. உச்சி வேளைக்கு எட்ட வேண்டிய ஊட்டியை விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எட்டினோம். தொலைபேசியில் பேசிய அறை வாடகை ஒன்று, நேரில் கேட்டது ஒன்று. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வேறு இடம் தேட முடியாது என்பது விடுதிக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கேட்டதைக் கொடுத்தோம். மறுநாள் தாவரவியல் பூங்காவில் நாங்கள் கண்டது பூக்களைவிட முதுகுகளையே.

மூன்றாம் நாள் கூட்டத்துக்குப் பயந்து கூடலூர் சாலையில் வண்டியைத் திருப்பினோம். பைக்காராவைக் கடந்து நடுவட்டத்தில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, பக்கத்து மளிகைக் கடைக்காரர் எங்கள் பேச்சை வைத்தே நாங்களும் கடைக்காரர்கள் என்று கண்டுகொண்டார். "மே மாசம் நாங்களே ஊட்டிப் பக்கம் தலைவைக்க மாட்டோம் அண்ணாச்சி. நீங்க மாசியிலே வாங்க. மழை இருக்காது, கூட்டம் இருக்காது, ரூம்காரர் உங்களைத் தேடி வருவார்" என்றார். அந்த ஒரு பேச்சுதான் இந்தக் கட்டுரைக்கு முதல்.

இரண்டு மழை, இரண்டு சீசன்

கோடையை விட்டால் மற்ற மாதமெல்லாம் மலிவு, எப்போதும் போகலாம் என்று நினைப்பதும் தவறு. நீலகிரிக்கு இரண்டு பருவமழை உண்டு. இரண்டும் ஒரே பக்கத்தில் ஒரே அளவாகப் பெய்வதில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தைத் தாக்கும். நடுவட்டம், கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி எல்லாம் அந்தப் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதே ஆடி மாதத்தில் கிழக்குப் பக்கமான குன்னூரிலும் கோத்தகிரியிலும் மழை மிகவும் குறைவாக இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் விழும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கல்லாறு - குன்னூர் இடையே பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து மலை ரயில் நிறுத்தப்படுவதும் இந்த மாதங்களில்தான் அதிகம். ஆகவே தீபாவளி முடிந்த களைப்பில் "மலை ரயில் பார்த்து வருவோம்" என்று கிளம்புபவர் மேட்டுப்பாளையத்திலேயே திரும்ப நேரலாம்.

கூட்டத்துக்கும் இப்படி ஒரு உட்கணக்கு இருக்கிறது. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட நாள்காட்டியை மட்டும் பார்த்தால் போதாது. நடுவட்டம் சாலை மைசூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஊட்டிக்கு ஏறும் வாசல். ஓணம், மைசூர் தசரா நாட்களில் நம் ஊரில் பள்ளி நடந்துகொண்டிருந்தாலும் அந்தச் சாலை நிரம்பிவிடும். செப்டம்பர், அக்டோபரை ஊட்டியில் இரண்டாம் சீசன் என்றே சொல்கிறார்கள். வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

மழையும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல் மீதியாக நிற்பது பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு மார்ச் முதல் வாரம் வரை. இதிலும் குறை உண்டு, மறைப்பானேன். பைக்காரா அருவியில் தண்ணீர் மெலிந்திருக்கும். இரவுக் குளிர் கடுமையாக இருக்கும்; உறைபனிகூட விழும். வறட்சியால் காட்டுத்தீ அபாயம் இருந்தால் முதுமலையில் யானை, மான் பார்க்க அழைத்துப் போகும் வாகனச் சவாரியை வனத்துறை நிறுத்திவைப்பதுண்டு. வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் அந்த ஆண்டு இந்த மாதம் நமக்கு இல்லை.

எந்தத் தேதியில் பூட்டுவது

மாதத்தைத் தேர்ந்துகொண்டபின் தேதி. மளிகைக்காரருக்கு மாதத்தின் முதல் பத்து நாள்தான் உயிர். சம்பளம் வாங்கியவர் மாதச் சாமான் சீட்டோடு வரும் நாட்கள் அவை. அந்த நாளில் பூட்டிய கடையைப் பார்த்தவர் எதிர்க்கடையில் சீட்டைக் கொடுத்தால், போவது ஒரு நாள் விற்பனை அல்ல, அந்த வாடிக்கையே. மே 5ஐ ஒட்டிப் போன எங்களுக்கு இந்த அடியும் சேர்ந்தே விழுந்தது. வணிகர் தினத்தன்று எல்லாக் கடையும் அடைப்பு, அது சரி. சனிக்கிழமை எதிர்க்கடை திறந்திருந்ததே!

பதினொன்றாம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1, இருபதாம் தேதி 3பி என்று மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு அதற்கு முன் மனம் ஓடாது. காலாண்டு முறையில் இருப்போருக்குத் தேதி வேறு. அவரவர் கணக்கரைக் கேட்டுக்கொள்ளலாம். பொதுவாக 21ஆம் தேதிக்குப் பிறகு 26ஆம் தேதிக்குள் போய்த் திரும்புவது நமக்குத் தோது. விற்பனையும் அப்போதுதான் மந்தம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 30,000 ரூபாயும் கடைசியில் 15,000 ரூபாயும் விற்கும் கடை. மொத்த லாபம் நூற்றுக்குப் பத்து. மூன்று நாள் பூட்டினால் முதல் வாரத்தில் 9,000 ரூபாய் லாபம் போகிறது, நான்காம் வாரத்தில் 4,500. வேன் வாடகை, அறை வாடகை பற்றிப் பேசும் முன்பே 4,500 ரூபாய் மிச்சம். சுற்றுலாச் செலவு என்று எழுதும்போது இந்தத் தொகையை நம்மவர்கள் எழுதுவதே இல்லை. அவரவர் கடைக் கணக்கைப் போட்டு எழுதிப் பாருங்கள்.

பூட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே கடை வாசலில் எழுதித் தொங்கவிடுவது நல்லது. தயிர், ரொட்டி, முட்டை ஆகியவற்றை இரண்டு நாள் முன்பே குறைத்து வாங்க வேண்டும். அந்த நாட்களில் வங்கிக்கு வரக்கூடிய காசோலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மலைமேல் உட்கார்ந்துகொண்டு, காசோலை திரும்பியது என்ற செய்தியைக் கைப்பேசியில் படிப்பதைவிடக் கசப்பு வேறில்லை.

பாஸ், பயணம், அறை

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்குள் நுழையும் வெளிமாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. இணையதளத்தில் பதிந்தால் கட்டணமின்றிக் கிடைக்கும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வாகனம், சனி ஞாயிறில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. இதை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி மாவட்ட வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். மலைக்கு நெரிசல் ஆகாது என்பதும் உண்மை. சீசனின் இரண்டு மாத வியாபாரத்தை வைத்து ஆண்டை ஓட்டும் நம் சகோதர வணிகரின் வயிறும் உண்மை. நம்மைப் போன்றவர்கள் மே மாதத்தில் முண்டியடிக்காமல் மாசியில் போனால் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதல் என்பது எமது கருத்து.

அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவருக்கு இந்தப் பாஸ் கவலை இல்லை. சென்னையிலிருந்து வருவோருக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கே மலை ரயில் காத்திருக்கும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த ரயில் அது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது; பழைய 120 நாள் கணக்கை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஊட்டியிலிருந்து நடுவட்டம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கூடலூர்ப் பேருந்துகள் எல்லாம் அவ்வழியே போகும். மைசூர்ப் பக்கமிருந்து ஏறுவோர், பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தங்குவதற்கு ஊட்டி நடுப்பகுதிதான் வேண்டும் என்று பிடிவாதம் எதற்கு? கூடலூரிலோ குன்னூரிலோ தங்கிப் பகலில் ஊட்டி போய்வரலாம். வாடகை பேசும்போது வரி சேர்த்தா, வெந்நீர் உண்டா, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, ஓட்டுநர் தங்க இடம் உண்டா என்று நான்கும் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி நூற்றுக்கு ஐந்துதான். பழைய பன்னிரண்டைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். கடைப் பெயரில் பில் வாங்கிக் குடும்பச் சுற்றுலாவுக்கு உள்ளீட்டு வரி எடுக்கலாமா என்று சிலர் நம்மிடம் கேட்டார்கள். கூடாது, சொந்த உபயோகத்துக்கு அந்த வரவு கிடையாது. முகம் தெரியாத பக்கத்துக்கு முன்பணம் அனுப்புமுன் அவ்வூர் வணிகர் சங்கத்து நண்பர் ஒருவரிடம் அந்த விடுதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒரு தொலைபேசி அழைப்புதான்.

கட்டுச்சோறு கொண்டுபோவது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் பிளாஸ்டிக் பைகளும் சிறு தண்ணீர் பாட்டில்களும் மலைமேல் ஆகாது. சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள், அபராதமும் உண்டு. மளிகைக்காரர் நாமே துணிப்பையும் எவர்சில்வர் குப்பியும் இல்லாமல் போய் மாட்டிக்கொள்வது அழகல்ல.

மறுமுறை

2025 பிப்ரவரி 23 ஞாயிறு மாலை, அதே ஐந்தில் மூன்று குடும்பங்கள் பாஸ் பதிந்து கிளம்பினோம். செவ்வாய் இரவு திரும்பினோம். அறை வாடகை முதல்முறை கொடுத்ததில் பாதிகூட இல்லை. திங்களன்று பைக்காரா அணைப் பக்கம் நின்றபோது, 1932இல் இங்கே தொடங்கிய மின்நிலையம்தான் கோவை ஆலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நேரம் இருந்தது. நடுவட்டத்தில், ஆங்கிலேயர் சீனக் கைதிகளை அடைத்துவைத்த பழைய சிறைக் கட்டடத்தைப் பார்த்தோம். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவுக்காக 1860களில் சிங்கோனா மரம் வைத்த ஊர் அது. இன்று சுற்றிலும் தேயிலை. அரசின் டான்டீ தோட்டங்களில் உழைப்போரில் பலர், 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களும் அவர்கள் பிள்ளைகளும். ஊசிமலையில் கூடலூர்ப் பள்ளத்தாக்கு மஞ்சு இல்லாமல் கண்ணுக்கெட்டிய வரை தெரிந்தது. இந்த இடங்கள் எதற்கும் வரிசையில் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் அந்த மளிகைக் கடைக்காரரைப் பார்த்தோம். வழியோரம் விற்கும் தேயிலைப் பொட்டலங்களில் பொதி தேதியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி சொன்னார். வர்க்கிக்கும் சாக்லெட்டுக்கும் அதே விதிதான். இரண்டு ரகத் தூளைக் கொதிக்கவைத்து ருசி காட்டினார். எங்கள் கடைவீதி டீக்கடைகளுக்கு எது எடுபடும் என்று பேசி, ஆளுக்குப் பத்துக் கிலோ எடுத்தோம். இப்போது மாதம் ஒருமுறை கூடலூரிலிருந்து பார்சலில் வருகிறது.