வேஸ்ட் குடோனில் சீறும் பூனை

திருப்பூர்ப் பூனைகள் குட்டி போட விரும்பித் தேடும் இடங்களில் ஒன்று கட்டிங் வேஸ்ட் மூட்டை. வெட்டு மேசையிலிருந்து விழும் பனியன் துண்டுகள் மெத்து மெத்தென்று இருக்கும். சாக்குக்குள் சூடு நிற்கும். குடோன் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு, எலிக்கும் பஞ்சமில்லை. ராயபுரத்திலிருந்து அனுப்பர்பாளையம் வரை, மங்கலம் ரோட்டிலிருந்து காங்கேயம் ரோடு வரை, மாடியில் நாலு மிஷின் போட்ட ஜாப் ஒர்க் யூனிட்டாகட்டும், நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனியாகட்டும், பின்கட்டில் வேஸ்ட் சேரும் இடம் இருந்தால் அங்கே ஒரு பூனையை எதிர்பார்க்கலாம். பல வாரங்கள் அது இருப்பதே யாருக்கும் தெரியாது. வேஸ்ட் ஏற்ற வண்டி வந்து நிற்கும் நாளில்தான் தெரியும்.

மூட்டையைத் தூக்குபவர் அடியில் கையை விடுகிறார். ஒரு சீறல். மறுநொடி முன்கையில் நாலு கோடு, கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு சின்னப் புள்ளி. "வெறி புடிச்ச பூனைங்க!" என்று சத்தம் எழுகிறது. ஒருவர் விளக்குமாற்றை எடுக்கிறார். இன்னொருவர், அது தப்பிவிடக் கூடாதென்று ஷட்டரை இறக்குகிறார்.

அந்த ஷட்டரை இறக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை முடிந்திருக்கும்.

தெருவில் பிறந்து, மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை, ஆளைக் கண்டால் ஓடும் பிராணி. அது திரும்பி நின்று கடிக்கிறதென்றால் பெரும்பாலும் ஓட வழி இல்லை, அல்லது பக்கத்தில் குட்டி இருக்கிறது, அல்லது அடிபட்டு வலியில் கிடக்கிறது. இன்னொரு சமயமும் உண்டு. இரண்டு கடுவன்கள் சண்டை போட்டு ரோமம் சிலிர்த்து நிற்கும்போது குறுக்கே போகும் காலை, எதிரியின் கால் என்றே நினைத்துப் பிடித்துக்கொள்ளும். சண்டையை விலக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பூனை எச்சரிக்காமல் பாய்வது அரிது. காது பின்னால் மடிந்து தலையோடு ஒட்டும். கண்மணி விரியும். வால் புடைக்கும். அடித்தொண்டையில் ஓர் உறுமல் நீளும். சீறல் என்பது அது நமக்குக் கொடுக்கும் அவகாசம். அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியது எளிது: ஷட்டரைத் தூக்குவது, எல்லாரும் ஒரே பக்கமாக ஒதுங்குவது, சத்தத்தை அடக்குவது, பூனையின் கண்ணை நேராகப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குவது. கொஞ்ச நேரம் அந்த அறையை அதற்கு விட்டுக்கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். நடுவில் மறைப்பு தேவைப்பட்டால், பிரித்து மட்டமாக்கிய ஒரு பேக்கிங் அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொள்ளலாம். பக்கெட் தண்ணீரை வீசுவது மட்டும் வேண்டாம். மோட்டாரும் ஒயரும் ஓடும் தரையில் பூனையைவிட அந்தத் தண்ணீர்தான் பெரிய ஆபத்து.

கட்டிங் மாஸ்டரின் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு பிடிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கையுறை வெட்டுக் கத்திக்காகச் செய்தது. மணிக்கட்டுக்கு மேலே கை திறந்தே கிடக்கும், பூனையின் பின்னங்கால் நகம் அங்கேதான் வந்து விழும். வெறுங்கையோ, கையுறையோ, சாக்கோ எதைக் கொண்டும் காட்டுக்குணமுள்ள பூனையை நேரடியாகப் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கண்ணை மெல்ல மூடித் திறந்து காட்டினால் பூனை நட்பாகும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கலாம். அதில் உண்மை உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் செய்த மனிதரை நோக்கிப் பூனைகள் முன்வந்தது பதிவானது. ஆனால் அவை மனிதரோடு பழகி வாழும் வளர்ப்புப் பூனைகள். மூலையில் ஒடுங்கிச் சீறும் பூனையிடம் இதைச் சோதிக்கப் போக வேண்டாம்.

இப்போது கடிபட்டவரின் கைக்கு வருவோம். இந்த விஷயத்தில் காட்டும் அலட்சியம்தான் என்னை மிகவும் வருத்துவது.

"நாய் கடிச்சாத்தானுங்க ஊசி. பூனைக்குமாங்க?" என்ற கேள்வியைக் கம்பெனிகளில் அடிக்கடி கேட்கலாம். பூனைக்கும்தான். இந்தியாவில் ரேபிஸ் மனிதருக்கு வருவது மிகப் பெரும்பாலும் நாயால். அதே தெருவில் அதே நாயிடம் கடிபடும் பூனைக்கும் அது தொற்றும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். 2023 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் தேஹாத் மாவட்டத்தில் ஒரு தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். நாய் கடித்த பூனை ஒன்று அவர்களைக் கடித்திருந்தது. டெட்டனஸ் ஊசி போட்டதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டதாக அப்போது செய்திகள் வந்தன. நம் ஊரிலும் "ஒரு டிடி போட்டாச்சு" என்று திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்துகொள்கிறவர்கள் ஏராளம். டெட்டனஸ் ஊசி டெட்டனஸைத்தான் தடுக்கும். ரேபிஸுக்கு அது எந்த வகையிலும் காவல் இல்லை. அறிகுறி தொடங்கிவிட்டால் ரேபிஸிலிருந்து மீட்க நம்பத்தக்க சிகிச்சை எதுவும் கிடையாது.

கடித்ததும், கீறியதும் முதல் வேலை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவுவது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது. பாத்ரூம் குழாயே போதும். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது, அதனால் பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது நல்லது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் காயத்தில் படக் கூடாது. கழுவியபின் இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஷிப்ட் முடியட்டும், சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டுப் போகலாம் என்று தள்ளக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3ஆம், 7ஆம், 28ஆம் நாள் என நான்கு முறை போக வேண்டும். ரத்தம் வரும் அளவு கடியோ கீறலோ இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். வாங்காமல் வந்துவிட்டால், முதல் ஊசியிலிருந்து ஒரு வாரத்துக்குள் அதையும் போட்டுக்கொள்ளலாம். பூனையைப் பத்து நாள் கவனிக்கும் வழக்கம் உண்டு என்பது உண்மை. ஆனால் வேஸ்ட் குடோன் பூனை நாளைக்கு எந்தக் காம்பவுண்டில் இருக்குமோ? கவனித்துப் பார்க்கலாம் என்று ஊசியைத் தள்ளிப்போட இடமே இல்லை.

விட்டுப்போவது பெரும்பாலும் கடைசி ஊசி. 28ஆம் நாள் வருவதற்குள் கை ஆறிவிடும், ஆர்டர் அவசரம் வந்துவிடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே தைக்கிறவர் இடையில் ஊருக்கு ரயிலேறிவிடுவார். சீட்டைக் கையோடு கொண்டுபோனால் மீதி ஊசியை அங்குள்ள அரசு மருத்துவமனையில் தொடரலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி அனுப்புவது சூப்பர்வைசரின் பொறுப்பு. ஊசி நாளன்று அரை ஷிப்ட் கூலியைப் பிடிக்காமல் விடுவது முதலாளியின் பொறுப்பு. இது நடக்கிற கம்பெனியில் நாலு ஊசியும் முடியும். நடக்காத கம்பெனியில் ஒன்றோ இரண்டோ மட்டும்.

இந்த ஊசி நமக்கு எட்டாத தொலைவில் இருந்த காலமும் உண்டு. 1902இல் நாய்க்கடிக்கு ஆளான ஓர் ஆங்கிலேயப் பெண் இங்கே மருத்துவமின்றி இறந்த பிறகுதான் தெற்கே ஒரு நிலையம் வேண்டுமென்ற பேச்சு வலுத்தது. அதுவரை சிகிச்சைக்கு இமயமலைச் சாரலில் உள்ள கசௌலிக்குப் போக வேண்டும். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. கொங்கு நாட்டுக்கு மேற்கே தெரியும் அந்த மலையில்தான் தென்னிந்தியாவின் ரேபிஸ் மருத்துவம் தொடங்கியது.

ரேபிஸ் அல்லாத இன்னொரு ஆபத்து பூனைக் கடியில் அதிகம். ஓவர்லாக் மிஷின் ஊசியைப் போலப் பூனையின் கோரைப்பல் மெலிதாக, ஆழமாக இறங்கும். மேலே துளை உடனே மூடிக்கொள்ளும். உள்ளே போன பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியா அங்கேயே பெருகும். விரல் மூட்டிலோ மணிக்கட்டிலோ கடி விழுந்து, ஒரு நாளுக்குள் வீங்கிச் சிவந்து வலித்தால் தாமதிக்கக் கூடாது. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதுவார். கையை வைத்துத்தான் பிழைக்கிறார் டெய்லர். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் அந்த விரல் பழையபடி மடங்காமல் போகலாம்.

இனி பூனை. பிடித்துச் சாக்கில் கட்டி நொய்யல் கரையிலோ பைபாஸிலோ விட்டுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. விட்டவருக்கு நிம்மதி, பூனைக்குப் பெரும்பாலும் மரணம், கம்பெனிக்கு எந்தப் பலனும் இல்லை. எலியும் மீதிச் சோறும் இருக்கிற இடத்துக்கு அடுத்த கடுவன் வந்து சேரும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா காடுகளில் பில்லி லேசன்பி தலைமையிலான குழு இதை அளந்தே பார்த்தது. இரண்டு இடங்களில் காட்டுப் பூனைகளைத் தொடர்ந்து பிடித்து அகற்றினார்கள். அகற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே அங்கே தென்பட்ட பூனைகளின் எண்ணிக்கை ஓரிடத்தில் 75 சதவீதமும் இன்னோரிடத்தில் 211 சதவீதமும் கூடியது. காலியான இடத்துக்கு வெளியிலிருந்து புதியவை வந்துகொண்டே இருந்தன.

விஷம் வைப்பது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி விலங்கைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து போராடியதன் விளைவு அந்தச் சட்டம். பூனையை விரட்ட மூலைகளில் போடும் நாப்தலின் உருண்டையும், ஊற்றும் பினாயிலும் விஷமே. காலில் பட்டதை நக்கியே பூனை சாகும். தரையில் உருண்டு கிடக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றுகூட அதைக் கொன்றுவிடக்கூடும்.

செய்யத்தக்கது பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் விடுவது. கருத்தடை ஆன கடுவன் ஊர் சுற்றுவதும் சண்டை போடுவதும் குறையும், சுவரெங்கும் நாற்றமடிக்கப் பீய்ச்சுவதும் பெருமளவு அடங்கும். வெள்ளை ரோல் துணி அடுக்கியிருக்கும் குடோனில் அந்த ஒன்றுக்காகவே செலவழிக்கலாம். பெட்டை ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஐந்தாறு மாதமான பெண்குட்டியே அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும். ஆகவே தள்ளிப்போடத் தள்ளிப்போட வேலை பெருகும்.

கம்பிக்கூண்டு வைக்கும் வேலையில் பொறுமைதான் முக்கியம். முதல் சில இரவுகள் கதவு விழாதபடி கட்டிவிட்டு உள்ளே கருவாடோ மத்தி மீனோ வைத்து, பூனை அங்கே வந்து தின்று பழக விட வேண்டும். மற்ற சாப்பாடு எதுவும் அந்த நாட்களில் கிடைக்கக் கூடாது. பிறகு மிஷின்கள் நின்ற நேரத்தில் கதவைத் தயாராக்கலாம். பூனை விழுந்ததும் தடித்த துணியால் கூண்டை முழுக்க மூடினால் முட்டி மோதுவது அடங்கும். திருப்பூரில் துணிக்கா பஞ்சம்! கூண்டை வெயிலில் வைக்கவோ, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்க்கவோ கூடாது. எங்கே, என்றைக்குக் கருத்தடை செய்வார்கள் என்று கால்நடை மருத்துவரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டுதான் கூண்டு வைக்க வேண்டும். மாவட்டத்துக்குள்ளேயே உடுமலைப்பேட்டையில் 2020இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மயக்கத்திலிருக்கும்போதே ரேபிஸ் தடுப்பூசியும் போட்டு, காது நுனியில் அடையாளமும் வெட்டிவிடச் சொன்னால், அதே பூனையை மறுபடி பிடிக்கும் அலைச்சல் மிச்சம்.

மூட்டைக்குள் குட்டிகள் இருந்தால் அந்த ஒரு மூட்டையை விட்டுவிட்டு மற்றவற்றை ஏற்றலாம். ஏற்றியே ஆக வேண்டுமென்றால், தாய் இல்லாத நேரத்தில், தாய் பார்க்கக்கூடிய தூரத்திலுள்ள அமைதியான மூலைக்கு மூட்டையோடு இழுத்து வைக்கலாம். பெரும்பாலும் இரவோடு இரவாக அதுவே வேறிடம் தூக்கிக்கொண்டு போய்விடும். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை குட்டி மனிதரோடு எளிதில் பழகும் பருவம். தாய்ப்பால் மறந்ததும் நல்ல வீடு கிடைத்தால் கொடுத்துவிடலாம். அந்தப் பருவம் தாண்டிப்போன குட்டிதான் அடுத்த வருடம் சீறும் பூனை.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனிகள் நாள் கணக்கில் மூடிக் கிடக்கும் ஊர் இது. பூட்டுவதற்கு முன் டார்ச்சோடு குடோனை ஒரு சுற்றுப் பார்த்து, மூட்டைகளைக் கோலால் தட்டி, உள்ளே இருப்பது வெளியேறக் காத்திருந்து, அதன் பிறகே ஷட்டரை இறக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, வாட்ச்மேனிடம் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுப் போகலாம். லீவு முடிந்து திறக்கிறவர், ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு வாசலுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கட்டும். உள்ளே பட்டினி கிடந்த பூனை இருந்தால், அது முதலில் ஓடி வருவது அந்த வெளிச்சத்தை நோக்கித்தான்.