வயலின் வகுப்பு: நேரிலா, ஆன்லைனிலா?

குழந்தையைக் கர்நாடக வயலினில் சேர்க்கப் போகிறீர்களா? முதல் ஆறு மாதமாவது நேரில் கற்கட்டும். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள் தலையை வலது கணுக்கால் பக்கம் ஊன்றி, மறுமுனையை இடது தோளுக்கும் மார்புக்கும் நடுவே தாங்குவது பார்க்கத்தான் எளிது. வில்லைப் பிடிக்கும் கட்டைவிரல் விறைத்திருந்தால் ஆசிரியர் தொட்டுத் திருத்த ஒரு நொடி போதும். திரை வழியே அதைப் புரியவைப்பது பெரும்பாடு. தவறான பிடி பழகிவிட்டால் மாற்றுவது அதைவிடக் கடினம். தந்திகளைச் சுருதி சேர்க்கவும் ஆரம்பத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும்.

சரளி, ஜண்டை வரிசைகள் கைக்கு வந்து, சுருதியும் தானே சேர்க்கத் தெரிந்தபின் ஆன்லைன் தாராளமாகப் போதும். ஊரில் நல்ல ஆசிரியர் கிடைக்காதவர்களுக்கு அது வரப்பிரசாதமே. ஒன்று மட்டும்: ஒலி சற்றுத் தாமதித்தே போய்ச் சேரும் என்பதால் இருவரும் சேர்ந்து வாசித்தால் தாளம் பிசகும். ஆசிரியர் வாசிப்பதைப் பதிவு செய்துகொண்டு, வகுப்பு முடிந்ததும் அதனுடன் சேர்ந்து வாசித்துப் பழகலாம்.

ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீண்ட கார்வையையும் தம்பூராவையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். கேமராவில் வில்லும் இடக்கை விரல்களும் முழுதாகத் தெரியட்டும். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை.

எப்போதாவது நேரில் போய் வாசித்துக்காட்ட வழியிருந்தால் விடாதீர்கள். கமகத்தில் விரல் தந்தியை எவ்வளவு அழுத்துகிறது என்பது அருகிலிருந்து பார்த்தால்தான் ஆசிரியருக்குப் பிடிபடும்.