கத்தி வைத்தால் பரவுமா?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால், கூட்ஸ் வண்டி கடந்து முடியும்வரை பேச்சுதான் பொழுதுபோக்கு. அப்படி ஒரு நாள் பக்கத்தில் நின்ற மீன்பாடி வண்டிக்காரர் சொன்னார்: “மச்சானுக்குக் கன்னத்துக்கு உள்ள புண்ணு சார். சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, கேன்சருன்னுட்டாங்க. ஆபரேஷனுக்குத் தேதியும் குடுத்தாங்க. கத்தி வெச்சா காத்து பட்டுப் பரவிடும்ல? வூட்டுக்கு இட்டுனு வந்துட்டோம்.”

மச்சான் மூட்டை தூக்குபவர். பல வருஷமாகப் பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவைக் கன்னத்தில் அடக்கி வைத்த பழக்கம்.

இதே பேச்சைப் பட்டம் வாங்கியவர்களிடமும் கேட்டிருக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: கத்தி பட்டால் புற்று பரவும்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. முன்பெல்லாம் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். வயிற்றைத் திறந்து பார்த்து, எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது என்று அப்படியே தைத்து மூடி அனுப்புவதும் உண்டு. சில வாரத்தில் ஆள் போய்விடுவார். “ஆபரேஷனுக்கு முன்னாடி நல்லா நடந்துகிட்டுதானே இருந்தாரு” என்பதுதான் வீட்டில் மிஞ்சும். அறிஞர் அண்ணாவுக்கு 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் உணவுக்குழாய்ப் புற்றுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3இல் அவர் மறைந்தார். அதைப் பார்த்த தலைமுறைக்குக் கத்தியின் மேல் நம்பிக்கை எப்படி வரும்? ஆனால் உணவுக்குழாய்ப் புற்று இன்றைக்கும் பிடிகொடுக்காத நோய். விழுங்க முடியாமல் போகும்போதுதான் பலருக்குத் தெரியவே வருகிறது.

புற்று பரவுவது ரத்தத்தின் வழியாகவும் நிணநீர்க் குழாய்கள் வழியாகவும். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கத்தியைப் பற்றி ஒன்று மட்டும் நிஜம்: என்ன கட்டி என்று பார்க்காமல், ‘சின்னக் கட்டிதானே’ என்று பாதியாக அறுத்து எடுத்தால் கெடுதல் உண்டு. புற்று அறுவை சிகிச்சை தெரிந்தவர்கள் கட்டியைத் தொட்டு வெட்டுவதில்லை. சுற்றிலும் நல்ல சதையையும் விளிம்பாகச் சேர்த்து ஒரே துண்டாக எடுப்பார்கள்.

வாய்ப் புற்று முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கழுத்து நெறிகள், அதாவது அங்குள்ள நிணநீர் முடிச்சுகள்தான். கையில் நெறி எதுவும் தட்டுப்படாத ஆரம்ப நிலையிலேயே கழுத்தையும் திறந்து அவற்றை எடுக்க வேண்டுமா, வந்தால் பார்த்துக்கொள்ளலாமா என்று மருத்துவர்களுக்குள்ளேயே நீண்டகால வாக்குவாதம் இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஐந்நூறு நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்து 2015இல் விடை சொன்னது. முதல் ஆபரேஷனிலேயே கழுத்து நெறிகளையும் எடுத்தவர்களில் மூன்று ஆண்டு கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கத்தி கூடுதலாகப் பட்டவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள்.

நம்பிக்கை: அதான் அறுத்து எடுத்தாச்சே, கரண்ட் எதற்கு?

எனக்கு முதல் நம்பிக்கையைவிட இதுதான் அதிகக் கவலை. ஆபரேஷனுக்குத் துணிந்து வந்தவர்களே இங்கே நழுவிவிடுகிறார்கள். எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் முழுக் கதை தெரியும். நெறியில் புற்று இருந்தாலோ, விளிம்பு வரைக்கும் எட்டியிருந்தாலோ, கண்ணுக்குத் தெரியாத மிச்சத்துக்குக் கதிர்வீச்சு வேண்டும்; ‘கரண்ட்’ என்று சொல்வது இதைத்தான். சிலருக்குக் கீமோவும் சேரும். வாய்ப் புற்றுக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஆறு வாரம். அதையும் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

‘கரண்ட்’ என்று யார் பெயர் வைத்தார்களோ! உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்ச்சுவதில்லை. எக்ஸ்ரே போன்ற, அதைவிடப் பலமான கதிர்தான். படம் எடுக்கும்போது வலிக்காத மாதிரி, அது பாயும்போதும் வலிக்காது. வாய்ப் புண், வறட்சி, ருசி போவது எல்லாம் நாளாக ஆகத்தான் வரும். சென்னைக்கு இது புதிதும் கிடையாது. பெரியாஸ்பத்திரியில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934இலேயே வந்துவிட்டது.

ஆனால் பாதியில் நிறுத்துகிறவரை அறியாமை என்று திட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வாரம் கூலி இல்லாமல் பஸ் ஏறி வந்துபோவது சின்ன விஷயமா? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கும், வீட்டு அரிசியைத் தாங்காது.

நம்பிக்கை: எந்தப் புற்றானாலும் ஆபரேஷன்தான்.

இல்லை. ரத்தப் புற்றில் அறுத்தெடுக்கக் கட்டியே கிடையாது. முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சும் கீமோவும்தான் பிரதானம். ஆரம்பநிலை மார்பகப் புற்றில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால், முழு மார்பையும் எடுத்ததற்குச் சமமான ஆயுள் கிடைக்கிறது. இத்தாலியில் இருபது ஆண்டு பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு அது.

வரிசையும் மாறும். முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954இல் திறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், பெரிய மார்பகக் கட்டிகளுக்கு முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷன் செய்வது பல்லாண்டு வழக்கம். வாய்ப் புற்றுக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் ஒருசேரக் கொடுத்த அனுபவத்தை அங்கு பணியாற்றிய டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1980இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

கஷாயம், பத்தியம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரே வரி: குணமாக்க வாய்ப்புள்ள நிலையில் வழக்கமான சிகிச்சையைத் தள்ளிவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது.

கேட் திறப்பதற்குள் வண்டிக்காரரிடம் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. மச்சானைத் திரும்பவும் அதே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். மாவா போடுகிறவர்களுக்கும் ஒன்று: மூன்று விரலை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தாலோ, ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டுப் போடுங்கள். ஆபரேஷன் என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: “இதுக்கு முன்னாடி ஏதாவது ட்ரீட்மென்ட் உண்டா? இதுக்கு அப்புறம் எத்தனை வாரம் வரணும்?” பதிலைத் தெரிந்துகொண்டு மேஸ்திரியிடம் லீவு சொல்லி வையுங்கள்.