சொல்லி வருபவையும் சொல்லாமல் வருபவையும்

நிலம், நீர், தீ, காற்று, வான் எனப் பூதங்களை ஐந்தாக வகுத்தனர் நம் முன்னோர். இயற்கை நிகழ்ச்சிகளை வேறொரு முறையிலும் வகுக்கலாம். எவ்வளவு காலத்திற்கு முன்பு அவை நமக்குத் தெரிய வருகின்றன என்பதே அந்த அளவுகோல். யாங்கோனில் வாழும் நாம் இதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லித்தர வேண்டும்.

1. கணக்கிட்டுச் சொல்லக்கூடியவை: கிரகணம் இவ்வகை. 2025 செப்டம்பர் 7 இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தின் நேரம் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிடப்பட்டிருந்தது. சூரியன், பூமி, சந்திரன் ஆகியவற்றின் ஓட்டம் ஒழுங்கானது என்பதே காரணம்.

2. பருவந்தோறும் வருபவை: தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை பெய்கிறது. யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. இது சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மாதம் தெரியும், நாள் தெரியாது.

3. சில நாட்களுக்கு முன் தெரிபவை: புயல் கடலில் உருவாகிக் கரைக்கு வர நாட்கள் ஆகும். நர்கிஸ் புயல் 2008 ஏப்ரல் இறுதியில் வங்கக் கடலில் தோன்றி, மே 2 அன்று ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கியது. 84,500 பேருக்கு மேல் இறந்தனர். 53,800 பேருக்கு மேல் காணாமற் போயினர். இவர்களில் மிகப் பலரைக் கொண்டு சென்றது காற்றன்று, 12 அடிக்கு மேல் எழுந்து ஊருக்குள் புகுந்த கடல்நீர். புயல் வரும் செய்தி பலரை எட்டவில்லை. எட்டியவர்களிலும் பலர் கடல் இவ்வளவு உயரும் என எண்ணவில்லை.

4. சில மணி நேரமே தருபவை: 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அதை அறிவிக்க இந்துமாக் கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. பின்னரே அமைக்கப்பட்டது.

5. சொல்லாமலே வருபவை: நிலநடுக்கத்தின் நாளையும் நேரத்தையும் எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. மியான்மரில் வடக்குத் தெற்காக ஓடும் சகாயிங் நிலப்பிளவு யாங்கோனுக்குக் கிழக்கே, பகோ அருகே செல்கிறது. 1930 மே 5 அன்று பகோ நகரம் அதிர்ந்து, அங்குள்ள ஷ்வேமாடோ பகோடா இடிந்தது. யாங்கோனிலும் உயிர்கள் போயின. 2025 மார்ச் 28 அன்று மண்டலே, சகாயிங் பகுதியில் 7.7 அளவில் ஏற்பட்ட நடுக்கத்தில் 3,000 பேருக்கு மேல் இறந்தனர்.

ஆகவே ஒவ்வொரு வகைக்கும் நம் கடமை வேறு. புயலுக்கு வானொலிச் செய்தியைக் கேட்டு, தாழ்ந்த இடத்தை விட்டு நீங்க வேண்டும். குடிநீரும் சேமித்து வைக்க வேண்டும்; மின்சாரம் நின்றால் குழாய்நீரும் நின்றுவிடும். கடற்கரையில் நிலம் அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குச் செல்ல வேண்டும். நிலநடுக்கத்திற்கோ வந்தபின் செய்ய நேரமில்லை. அலமாரியை இன்றே சுவரோடு பிணைத்து வையுங்கள்; கனமான பாத்திரங்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள்; அதிரும்போது உறுதியான மேசையின் கீழ் தலையைக் காத்துக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

பிள்ளைகளுக்கு வினா: இடி, வெள்ளம், எரிமலை ஆகியவை மேற்கூறிய ஐந்தில் எவ்வகையில் அடங்கும்? பெற்றோருடன் பேசி விடை காணுங்கள்.