தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும்: வேலைக்கான படத்துக்கு என்ன உடுத்துவது?



வேலைக்கு விண்ணப்பம் போட்டால் நமக்கு முன்னே நம் படம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. லிங்க்ட்இன் பக்கம், ரெசுமே, கம்பெனி அட்டை என்று எங்கும் தோளுக்கு மேலே உள்ள அந்த ஒரு முகம்தான். அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள் எழும். "எந்தக் கலர் சட்டை போட்டா நல்லா இருக்கும்?" என்பது எல்லாரும் கேட்பது. "பொட்டு, திருநீறு வச்சுக்கலாமா, இல்ல அழிச்சிடணுமா?" என்பது சிலர் மெதுவாகக் கேட்பது. இந்தப் பாடத்தில் இரண்டையும் பார்ப்போம்.

நம் ஊர் வழியே போனவர்

சுவாமி விவேகானந்தர் 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். கொழும்பைத் தாண்டி அந்தக் கப்பல் அடுத்து நின்ற இடம் நம் பினாங்கு. பிறகு சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான். சென்னையில் தமக்காகப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாள் முதலிய அன்பர்களுக்கு ஜூலை 10 அன்று யோகோஹாமாவிலிருந்து எழுதிய கடிதத்தில் பினாங்கையும் குறிப்பிடுகிறார்.

அமெரிக்காவில் இறங்கியதும் அவருக்கு வந்த தொல்லைகளில் ஒன்று உடை. அங்கியும் தலைப்பாகையுமாகத் தெருவில் நடந்தால் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. ஆகஸ்ட் 20 அன்று அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு முடிவைச் சொல்கிறார்: வெளியே நடமாட நீளமான கறுப்புக் கோட்டு ஒன்று, சொற்பொழிவுக்கு மட்டும் சிவப்பு அங்கியும் தலைப்பாகையும். அங்கே அவருக்கு உதவிய பெண்கள் கொடுத்த யோசனை அது.

செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வ சமய மாநாட்டில் பேசினார். அந்த நாட்களில் சிகாகோவில் தாமஸ் ஹாரிசன் என்ற படப்பிடிப்பாளரின் ஸ்டூடியோவில் எடுத்த படங்களில் ஒன்றுதான், தலைப்பாகையோடு கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படம். நம்மில் பலர் வீட்டுச் சுவரில் அது இருக்கிறது.

இதில் நமக்கு என்ன பாடம்? கோட்டு போட்டுக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. தெருவுக்கும் குளிருக்கும் அது ஏற்ற உடை, அவ்வளவுதான். ஆனால் தான் யார் என்று உலகத்துக்குக் காட்டவேண்டிய படத்தில், எந்த வேலைக்காகப் போனாரோ அந்த வேலைக்குரிய உடையில் நின்றார். எதை இடத்துக்குத் தகுந்தபடி மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார்.

நாமும் அப்படியே யோசிக்கலாம். வேலை கிடைத்த பிறகு தினமும் எந்தத் தோற்றத்தில் போவோமோ, அதன் சுத்தமான, இஸ்திரி போட்ட வடிவம்தான் படத்தில் இருக்கவேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலைக்குக் காலர் வைத்த நல்ல சட்டை போதும். வங்கி, வக்கீல் தொழில் என்றால் கோட்டு பொருந்தும். ஆசிரியைக்குச் சேலையோ பஞ்சாபி உடையோ அழகாகவே இருக்கும். இரவல் கோட்டு வேண்டாம்; தோள் தொங்கினால் படத்தில் அதுதான் முதலில் தெரியும்.

கலரும் துணியும்

1. பின்னணி வெள்ளை என்றால் வெள்ளைச் சட்டை வேண்டாம். உடம்பு சுவரோடு கரைந்துபோகும். பாஸ்போர்ட் படத்துக்கும் அடர்ந்த நிறம் போடச் சொல்வது இதனால்தான்.

2. படத்தில் வெள்ளை அதிகமானால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். அப்போது நம் மாநிற முகம் இன்னும் இருண்டு விழும். "நான் கறுப்பு, அதான் படம் நல்லா வரல" என்று நினைக்காதீர்கள். குறை வெளிச்சத்தில்தான். கருநீலம், மெரூன், அடர்பச்சை போன்ற நிறங்களைப் போடுங்கள். முகத்துக்கு வெளிச்சம் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் வெள்ளையாக்கித் தரவா?" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. மெல்லிய கோடு, சின்னக் கட்டம் போட்ட துணி டிஜிட்டல் படத்தில் அலை அலையாகத் தெரியும். ஒரே நிறத் துணி நல்லது. சேலை என்றால் சின்ன பார்டர். பெரிய ஜரிகை வெளிச்சத்தில் பளிச்சென்று அடிக்கும்.

4. நம் ஊர் வெயிலில் போட்டுக்கொண்டே மோட்டாரில் போனால் சட்டை கசங்கி, வேர்வை பிடித்துவிடும். ஹேங்கரில் எடுத்துப் போய் ஸ்டூடியோவில் மாற்றுங்கள். முகம் துடைக்க டிஷ்யூ கொண்டுபோங்கள். பத்து நிமிடம் ஆறி உட்கார்ந்த பிறகு படம் எடுங்கள்.

பொட்டும் திருநீறும்

இப்போது அந்த மெதுவான கேள்வி. தினமும் பொட்டு வைப்பவர் படத்திலும் வைக்கலாம். கல் பதித்தது மின்னும். மின்னாத சின்னப் பொட்டே போதும். திருநீறு இடுபவர் மெல்லியதாக இடுங்கள். தடிப்பாக இட்டால் வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ருத்ராட்சம் சட்டைக்குள் இருந்தாலும் ருத்ராட்சம்தான்.

தினமும் வைக்கும் பழக்கம் இல்லாதவர் படத்துக்காக மட்டும் வைக்கவேண்டியதில்லை. அதுவும் வேஷம்தான். வைக்கும் பழக்கம் உள்ளவர் படத்துக்காக மட்டும் அழிப்பதும் அப்படியே. படத்தில் ஒருவராகவும் நேர்முகத் தேர்வில் வேறொருவராகவும் போய் நிற்பது நமக்கே கூச்சமாக இருக்கும்.

"பொட்டைப் பார்த்து வேலை தரலைன்னா?" என்று அம்மாவோ அண்ணனோ கேட்கலாம். அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். வீட்டு வாடகையும் படிப்புக் கடனும் உள்ள பிள்ளைக்கு அது உண்மையான கவலை. சிலர் படத்தில் வைக்காமல் விடுவார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவேண்டாம். ஆனால் அது நீங்கள் யோசித்து எடுத்த முடிவாக இருக்கட்டும். படக்காரர் கேட்காமல் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுத்ததாக இருக்கவேண்டாம். படத்தைக் கையில் வாங்கும் முன் நெற்றியை ஒருமுறை பாருங்கள்.

வகுப்பில் பேசுவதற்கு

1. வேலைக்காக நீங்கள் மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவை எவை? மாற்ற விரும்பாதவை எவை? தனித்தனியாக எழுதுங்கள்.

2. உங்கள் இப்போதைய படத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். "இது நான்தான்னு தெரியுதா?" என்று கேளுங்கள்.

3. வேலை தேடும் ஒருவருக்கு நல்ல சட்டையோ கோட்டோ இல்லை என்றால் நம் கிளை என்ன செய்யலாம்?